சந்தோஷுக்குத் துணை

"இட்லி சாப்பிட்டுக்கினு இருக்கான்மா" என்று இலக்கியா போனில் சொன்னாள். சந்தோஷ் எங்கே இருக்கிறான் என்று அந்த நிமிஷம் அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது.

கள்ளக்குறிச்சி விளையாட்டு மைதானம் முழுக்க நீலச் சட்டையாக இருந்தது. ஆட வந்தவர்களுக்கும் நீலச் சட்டை, கூட வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நீலச் சட்டை. அந்தக் கூட்டத்தில் ஒரு நீலச் சட்டையைத் தொலைத்துவிட்டு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தினி இட்லி?" என்றாள் போனில் இருசம்மாள், சந்தோஷின் அம்மா.

"நாலும்மா."

"நாலா? ஆறு துன்னுவானே! ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"அஞ்சாவது இப்பத்தான் எடுக்கறான்."

"தொட்டுக்க இன்னா?"

இலக்கியாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர்கள் தேவைக்கு மேல் சொல்லிவிடுவார்கள். "தேங்கா சட்னிம்மா" என்றாள்.

"அய்யய்யோ! தேங்கா அவனுக்கு ஆவாதே! ஒடம்பெல்லாம் தடிச்சிக்கும்னு படிச்சிப் படிச்சி சொன்னனே பாப்பா!"

"இல்லம்மா, இல்லம்மா. தேங்கா சட்னி பக்கத்துல இருக்கற பையனுக்கு. இவனுக்கு சாம்பாரு."

"போன அவங்கிட்ட குடு."

"கை கழுவப் போயிருக்கான்."

"அஞ்சாவது இட்லி எடுக்கறான்ன?"

"எடுத்துக்கினே போனான்மா" என்று சொல்லிப் போனை வைத்தபோது அவள் முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

இருசம்மாள் சும்மா விடுகிற ஆளில்லை. மகனுக்குப் பத்தொன்பது வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அவனைத் தனியாகச் சங்கராபுரம் சந்தைக்குக்கூட அனுப்பியதில்லை. களை எடுக்கப் போனாலும் வரப்பில் உட்கார வைத்துக்கொண்டுதான் எடுப்பாள். அப்படிப்பட்டவளிடம் பயிற்சியாளர் தீனதயாளன் சார் நடையாய் நடந்து, மகனை ஆட்டத்துக்கு அனுப்பச் சம்மதம் வாங்கியிருந்தார்.

ஆட்டத்தின் பெயர் போச்சி. பெயரைக் கேட்டதுமே இலக்கியாவுக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை. ஒரு சின்ன வெள்ளைப் பந்து தூரத்தில் கிடக்கும். இரண்டு ஜோடிகளும் மாற்றி மாற்றிப் பெரிய பந்துகளை உருட்ட வேண்டும். யாருடைய பந்து வெள்ளைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் பாயின்ட். ஜோடியில் ஒருவர் சந்தோஷைப் போன்றவர், இன்னொருவர் இலக்கியாவைப் போன்ற கல்லூரித் தொண்டர். இரண்டு பேரும் கோட்டுக்குள் நின்றால்தான் ஆட்டம். ஒருவர் இல்லாவிட்டாலும் தோற்றதாகக் கணக்கு.

"நீ அவனுக்குக் காவல் இல்லம்மா. நீ அவனோட ஜோடி" என்று தீனதயாளன் சார் பல தடவை சொல்லியிருந்தார். இலக்கியா தலையாட்டுவாள். ஆனால் அவள் வாங்கிக்கொண்டது காவல் வேலையைத்தான்.

இன்னொரு நிபந்தனையையும் சார் வைத்திருந்தார். அம்மாக்கள் யாரும் மைதானத்துக்கு வரக்கூடாது. போன வருஷம் நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு தாய், மகன் விழுந்துவிடுவானோ என்று கூடவே ஓடிவந்து இரண்டாவது இடம் பிடித்துவிட்டார். நடுவர்கள் மெடலை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் திண்டாடிப் போனார்கள். அதிலிருந்து இந்தச் சட்டம்.

"நான் வரமாட்டேன் சார். வூட்லயே இருக்கேன்" என்று இருசம்மாள் சார் முன்னால் சத்தியம் செய்தாள். ஆனால் காலையில் கல்வராயன் மலையடிவாரத்து பஸ் ஸ்டாப்பில் மகனை ஒப்படைக்கும்போது இலக்கியாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா பாரு பாப்பா. இந்த ஒரு தரம் உன்ன நம்பி உடறேன். நல்லபடியா கூட்டினு வந்துட்டன்னா, அடுத்த மாசம் மெட்ராசுல நடக்கற பெரிய ஆட்டத்துக்கும் அனுப்பறேன். எதனா ஒண்ணு ஆச்சி, இதோட சரி. அப்புறம் அவன் எங்கூடத்தான் இருப்பான், நான் கண்ண மூடற வரைக்கும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் இலக்கியாவின் தொண்டையில் முள்ளாக நின்றது. மெட்ராஸ் போவதென்றால் சந்தோஷுக்கு அவ்வளவு ஆசை. பயிற்சிக்கு வந்த நாளெல்லாம் "மெட்ராசு, கடலு, ரயிலு" என்று சொல்லிச் சொல்லித்தான் பந்தை உருட்டுவான். அது இப்போது அவள் கையில் இருந்தது. இல்லை, கையிலிருந்து நழுவி எங்கேயோ போயிருந்தது.

கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பக்கமிருந்து சந்தோஷ் நிதானமாக நடந்து வந்தான்.

"எங்க போன?"

"சாப்ட்டேன்."

"எங்க சாப்ட்ட?"

"அங்க" என்று கையை வீசிக் காட்டினான். கள்ளக்குறிச்சி முழுவதும் அதில் அடங்கியது.

பின்னாலேயே சாப்பாடு கொடுக்கிறவர் வந்தார். "ஏம்மா, உங்க பையன் ரெண்டு பொட்டலம் வாங்கினு போயிட்டாம்மா. ஆளுக்கு ஒண்ணுதான் கணக்கு."

"அவன் ஆறு இட்லி சாப்பிடற ஆளுங்க. விட்டுடுங்க" என்றாள் இலக்கியா. ஒரு விஷயமாவது கணக்குக்கு வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இனி இவனைத் தொலைக்கக்கூடாது. அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தொண்டர்களுக்கு மட்டும் ஆரஞ்சுத் தொப்பி கொடுத்திருந்தார்கள். தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் மாட்டினாள். நீலக் கடலில் ஆரஞ்சு தெரியாமல் எங்கே போகும்?

"சூப்பரா இருக்குது" என்றான் சந்தோஷ், தொப்பியின் முனையைச் சரி செய்துகொண்டு.

"இத கழட்டவே கூடாது. சரியா? அக்கா கண்ணு முன்னாலயே இருக்கணும். சரியா?"

"சரி" என்றான் அவன். அந்தச் 'சரி' எதற்கு என்று அவள் கேட்டிருக்க வேண்டும்.

ஷூ லேஸைக் கட்டக் குனிந்தாள். நிமிர்ந்தபோது ஆளில்லை. தண்ணீர்ப் பொறுப்பில் இருந்த மலர்விழி மேடம் ஆரஞ்சுத் தொப்பியைப் பார்த்ததும், "தம்பி, வாலண்டியர் தம்பி! சும்மா நிக்கறியே, இந்த கேன தூக்கினு வா" என்று அவனைக் கையோடு அழைத்துப் போயிருந்தார். சந்தோஷும் சந்தோஷமாகப் போயிருந்தான். இது இலக்கியாவுக்குத் தெரியாது. மைதானத்தில் ஐம்பது ஆரஞ்சுத் தொப்பிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தொண்டர் இருக்கிறார் என்பது மட்டும் இப்போதுதான் உறைத்தது.

அவள் ஒவ்வொரு தொப்பியாக ஓடிப் போய் முகத்தைப் பார்த்தாள். தலை கலைந்து, கண் கலங்கி, தொப்பி இல்லாத நீலச் சட்டையோடு ஓடுகிற பெண்ணைப் பார்த்து ஒரு கல்லூரிப் பையன் வழிமறித்தான். சட்டையில் அறிவுச்செல்வன் என்று பெயர் குத்தியிருந்தது.

"பயப்படாதீங்க" என்றான் மெதுவாக. "வாங்க, நிழல்ல உக்காரலாம். உங்ககூட யாரு வந்திருக்காங்க?"

"நாந்தாங்க கூட வந்தவ!"

"சரி சரி. நீங்கதான் கூட வந்தீங்க. ரொம்ப நல்லது. பிஸ்கட் சாப்பிடறீங்களா?"

"அய்யோ, நான் வாலண்டியருங்க! பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம் படிக்கறேன்!"

"அப்படியா? சூப்பர்! கை தட்டுவோமா?" என்று அவன் கை தட்டினான்.

அவள் எவ்வளவுக்கெவ்வளவு கத்தினாளோ அவ்வளவுக்கவ்வளவு அவன் குரல் குழைந்தது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை அவள் கையிலேயே வைத்து, விரல்களை மடக்கியும் விட்டான். இலக்கியாவுக்குச் சுருக்கென்றது. இந்தக் குழைவு அவளுக்குப் புதிதில்லை. காலையிலிருந்து 'சரியா? சரியா?' என்று அவள் சந்தோஷிடம் பேசிக்கொண்டிருந்த அதே குரல். அவனும் இப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பானோ என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

ஆனால் வெட்கப்பட நேரமில்லை. அறிவுச்செல்வன் தண்ணீர் எடுக்கத் திரும்பிய சமயம் பார்த்து அவள் மேடையை நோக்கி ஓடினாள். பின்னால், "அக்கா ஒருத்தவங்க ஓடறாங்க, புடிங்க!" என்று குரல் கேட்டது.

மேடையில் மைக் பிடித்திருந்தவர் பொன்னுரங்கம். கல்யாண வீடுகளில் மைக் செட் போடுகிறவர். மைக் கிடைத்தால் அதை நல்லபடியாக ஒரு வழி பண்ணாமல் விடமாட்டார்.

"அண்ணே, சந்தோஷ்னு ஒரு பையன். கொஞ்சம் கூப்புடுங்கண்ணே. காணோம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"கவலையே படாத" என்றவர், தொண்டையைச் செருமினார். "அன்பார்ந்த பொதுமக்களே! சந்தோஷ்! சந்தோஷ் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்! உங்களைக் காணாமல் ஒரு சகோதரி கண்ணீரும் கம்பலையுமாக நிற்கிறார்!"

போன் அடித்தது. இருசம்மாள்.

"பாப்பா, இன்னா மைக்குல சந்தோஷு சந்தோஷுன்னு கூவறாங்க?"

பொன்னுரங்கத்தின் குரல் காதில் ஒரு தரமும் போனுக்குள் ஒரு தரமுமாக ஒலித்தது. இந்த போனே சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள் இலக்கியா. அதைவிடப் பெரிய கவலை அவளுக்கு இருந்தது.

"அது... பரிசு குடுக்கக் கூப்புடறாங்கம்மா."

"பரிசா? எதுக்கு?"

"ஜெயிச்சிட்டான்மா!"

சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது. ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"அதுக்குள்ளியா?" என்றாள் இருசம்மாள்.

"சீக்கிரம் முடிஞ்சிடுச்சிம்மா. அவன் கை அப்பிடி."

"ஓகோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்த 'ஓகோ' என்னவோ மாதிரி இருந்தது. ஆனால் அதை ஆராய்வதற்குள் மேடைக்கு முன்னால் சந்தோஷ்கள் வந்துவிட்டார்கள். ரிஷிவந்தியத்து சந்தோஷ், திருக்கோவிலூர் சந்தோஷ், சின்ன சேலத்து சந்தோஷ், சந்தோஷ்குமார் ஒருவர், பஸ் ஸ்டாண்டில் பழம் விற்றுக்கொண்டிருந்தபோது 'என்னவோ கூப்பிடுகிறார்களே' என்று ரோட்டைத் தாண்டி வந்த ஒரு சந்தோஷ். மேடைக்குக் கூப்பிட்டால் பரிசுதான் என்று நினைத்து அத்தனை பேரும் பரிசு எங்கே என்று பார்த்தார்கள். அவளுடைய சந்தோஷைத் தவிர எல்லாச் சந்தோஷும் வந்திருந்தார்கள்.

"இதுல யாரும்மா உங்காளு?" என்றார் பொன்னுரங்கம் பெருமையாக.

இலக்கியா மேடைப் படியில் உட்கார்ந்து அழவே ஆரம்பித்துவிட்டாள். ஆட்டம் தோற்கும். அம்மா விடமாட்டாள். கடலும் ரயிலும் போயே போச்சு. எல்லாம் அவளால். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமாக வந்தது.

"அக்கா."

நிமிர்ந்தாள். ஆரஞ்சுத் தொப்பி. தோளில் தண்ணீர் கேன்.

"நேரமாச்சி. ஆட்டம்" என்றான் சந்தோஷ், கேனை இறக்கி வைத்துவிட்டு.

அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவன் மணிக்கட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வலிக்குது" என்றான். அவள் விட்டுவிட்டாள். விட்ட பிறகும் அவன் எங்கும் ஓடவில்லை. பக்கத்திலேயே நடந்து வந்தான்.

எதிர் ஜோடி ரிஷிவந்தியம். மைக்கில் கூப்பிட்டதற்கு வந்த முதல் சந்தோஷ்தான் அதில் ஆடினான். மேடைக்குக் கூப்பிட்டுவிட்டுப் பரிசு கொடுக்காமல் விட்ட கோபம் அவன் முகத்தில் இருந்தது. இதில் ஜெயிக்கிற ஜோடிக்குத்தான் மெட்ராஸ்.

இலக்கியா முதல் பந்தை உருட்டினாள். அது கோட்டைத் தாண்டி, ஓரத்துத் தடுப்புப் பலகையைத் தாண்டி, நடுவரின் கால் கட்டை விரலில் போய் நின்றது. நடுவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "பரவால்லம்மா" என்றார். இரண்டாவது பந்தை இன்னும் ஜாக்கிரதையாக உருட்டினாள். சந்தோஷ் அழகாக வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்த பந்தை அது தேடிப் பிடித்து இடித்துத் தள்ளியது.

"சாரி சந்தோஷ்! சாரி, சாரி!"

"அக்கா, மூச்சு உடு."

"உட்டுக்கினுதான் இருக்கேன்!"

"வெளிய உடு" என்றான் அவன்.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, காலையிலிருந்து மூச்சை உள்ளே மட்டுமே இழுத்துக்கொண்டிருந்தோம் என்று. நீளமாக வெளியே விட்டாள். அடுத்த பந்து ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் யார் காலிலும் படவில்லை. அதன் பிறகு பாயின்டுகள் மாறி மாறி வந்தன. சந்தோஷ் ஒன்றைக் கோட்டை விட்டான், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான், அடுத்ததைப் பிடித்தான். கடைசியில் இரண்டு பக்கமும் சமமாகி, ஒரே ஒரு பந்து மீதியிருந்தது. அது அவனுடையது.

உருட்டுவதற்கு முன்னால் அவன் நிமிர்ந்து, கேட்டுப் பக்கம் டீக்கடைத் தார்ப்பாயைப் பார்த்துக் கையசைத்தான்.

"அங்க யாரு?"

"யாருமில்ல" என்றான். "பேசாத அக்கா. மெட்ராசு, கடலு, ரயிலு."

பந்து மெல்ல உருண்டது. நின்றுவிடும் போலிருந்தது. ஒரு மண்கட்டியில் ஏறி இறங்கி, ரிஷிவந்தியத்தின் பந்தைத் தோளால் ஒதுக்குவதுபோல் ஒதுக்கிவிட்டு, வெள்ளைக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

இலக்கியா கத்திய கத்தலில் அறிவுச்செல்வன் எங்கிருந்தோ பிஸ்கட்டோடு ஓடிவந்தான். தீனதயாளன் சார் இரண்டு பேர் கழுத்திலும் நீல நாடா கட்டிய தங்க மெடலைப் போட்டார். போட்டோ எடுத்தார்கள். இலக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சந்தோஷ்..." என்று திரும்பினாள்.

ஆளில்லை.

போன் அடித்தது.

"பாப்பா, மெடலு கிடலு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கம்மா, தங்க மெடலு! கழுத்துலியே போட்டுக்கினு எம்பக்கத்துலயே நிக்கறான்!"

"கழுத்துலியா?"

"கழுத்துலியேதாம்மா. கழட்டவே மாட்டேங்கறான்."

"ஓகோ" என்றாள் இருசம்மாள், மறுபடியும்.

கொஞ்ச நேரத்தில் சந்தோஷ் வந்தான். கழுத்தில் மெடல் இல்லை.

"மெடல் எங்க?"

"பத்திரமா இருக்குது."

"எங்கடா பத்திரமா இருக்குது?"

"பத்திரமான எடத்துல" என்று சொல்லிவிட்டு, முகம் துடைக்கப் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை உருவினான். அதோடு காலையில் எடுத்த பஸ் டிக்கெட்டுகளும் விழுந்தன. வரும்போது, 'நானே எடுப்பேன்' என்று அடம்பிடித்து அவன்தான் கண்டக்டரிடம் போய் டிக்கெட் வாங்கி வந்தான். பொறுக்கிக் கொடுக்கும்போது பார்த்தாள், மூன்று இருந்தன. ரெண்டு பேருக்கு மூன்று டிக்கெட்டா? கண்டக்டர் கணக்கில் கோட்டை விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள். மெடலைத் தொலைத்துவிட்டு நிற்கிறவளுக்கு டிக்கெட்டைப் பற்றி என்ன கவலை!

மெடல் இல்லாமல் அந்த அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? யோசித்துப் பார்த்தாள். பிறகு தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள்.

"இது உன்னுது அக்கா."

"பரவால்ல. இப்போ உன்னுது. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. சரியா?" என்றவள், அந்தச் 'சரியா'வைக் கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தயவு செஞ்சி சொல்லாத சந்தோஷ்" என்று திருத்திச் சொன்னாள்.

"யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றான் அவன், மிகவும் பொறுப்பாக.

திரும்பும்போது காலையில் வந்த அதே பஸ், அதே கண்டக்டர். கூட்டம் நெரிந்தது. சந்தோஷ் முன்னால் ஏறி ஒரு சீட்டில் துண்டைப் போட்டு, "அக்கா, இங்க உக்காரு. திரும்பித் திரும்பிப் பாக்காத. கழுத்து வலிக்கும்" என்று உட்கார வைத்தான். தான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சீட் காலியானபோதும் உட்காரவில்லை. அவள் பேச்சைக் கேட்காமல் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் கையைத் தூக்கி, 'இருக்கிறேன்' என்று காட்டினான். சங்கராபுரம் தாண்டியதும் மலை நீலமாகத் தெரிந்தது. இலக்கியா மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். ஆள் இருக்கிறான், மெடல் இருக்கிறது, தொப்பிகூட இருக்கிறது. பொய்கள் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

ஸ்டாப்பில் முன்படி வழியாக இறங்கினாள். பின்னால் சந்தோஷ். ரோட்டில் யாருமில்லை. பயந்து போய்ச் சுற்றிலும் பார்ப்பதற்குள், பஸ்ஸின் பின்பக்கமிருந்து சேலையை உதறிக்கொண்டு இருசம்மாள் வந்து நின்றாள்.

"எவ்ளோ நேரமா நிக்கறீங்கம்மா?"

"ரொம்ப நேரமா. காலு கடுக்குது" என்றாள் இருசம்மாள். "காலையிலருந்து வூட்ட உட்டு எங்கியும் நவுரல பாப்பா. சாருக்கு சத்தியம் செஞ்சி குடுத்தனே."

"நானும் இவன உட்டு ஒரு நிமிஷம்கூட நவுரலம்மா."

"அதான் போன்ல சொன்னியே."

"ஆமாம்மா."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சந்தோஷ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மெட்ராசுக்குப் போவட்டும்" என்றாள் இருசம்மாள் திடீரென்று. குரல் உடைந்தது. "எம்புள்ள இருந்துக்குவான். நாந்தான் பயந்துக்கினு கெடந்தேன். உங்கூட போவட்டும் பாப்பா."

இலக்கியா இருசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து தொண்டையில் நின்ற முள் இறங்கியது. "அம்மா, பாருங்க, மெடலு. கழட்டவே இல்ல" என்று சந்தோஷின் கழுத்தைக் காட்டினாள்.

இருசம்மாள் அந்த மெடலைப் பார்த்தாள். பேயைக் கண்டவள்போல் விழித்தாள். அவள் கை தன்னையறியாமல் இடுப்பில் சொருகியிருந்த முந்தானைக்குப் போனது. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துண்டு நீல நாடா எட்டிப் பார்த்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இலக்கியா குனிந்தபோது, இன்னும் கிளம்பாத பஸ்ஸின் படியில் தொங்கிய கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னா சந்தோஷ் தம்பி, காலையில டிக்கெட் எடுத்து, ரொம்ப பயந்த சுபாவம்னு சொல்லி முன்சீட்டுல ஒண்ணு கடைசி சீட்டுல ஒண்ணுன்னு ஒக்கார வெச்சி கூட்டினு போனியே, அந்த ரெண்டு லேடீசும் பத்திரமா எறங்கிட்டாங்களா? வண்டிய எடுக்கட்டுமா?"